என் தங்கை ஆற்றிய புண்

1

போன வருஷம் ஆவணியில் ஒரு காலை, வேலையிடத்தில் டீ குடிக்கும் இடைவேளையில், என் மகள் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது என்று தோன்றும். இருபத்திரண்டு வயதுப் பெண், பூந்தமல்லி சாலையில் ஒரு கல்யாண மண்டபம், பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, லிப்ஸ்டிக். எந்த முகூர்த்த நாளிலும் அந்தச் சாலையில் இப்படி நூறு பெண்களைப் பார்க்கலாம். ஆனால் என் மகள் மித்ரா அதுவரை ஒரு நாளும் லிப்ஸ்டிக் பூசியதில்லை. பூச முடிந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அது வந்துவிட்டது. வாயைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த வளையம். ஜாம் தின்றுவிட்டுத் துடைக்காமல் வந்த குழந்தை மாதிரி இருக்கும். இரண்டு உதடும் சேரும் ஓரங்களில் வெடிப்பு. கொட்டாவி விட்டால் பிளக்கும். சத்தமாகச் சிரித்தால் பொட்டு ரத்தம் வரும். ஆரஞ்சுப் பழம், தக்காளி, ஊறுகாய் எதுவும் ஆகாது. அவளுடைய பள்ளிப் படங்கள் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டோ, கையால் மறைத்துக்கொண்டோதான் இருப்பாள்.

அந்தப் பெண்தான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். வாயோரம் சுத்தமாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். வளையம் இல்லை, வெடிப்பு இல்லை, செதில் இல்லை. சிவப்பு உதடும் மாநிறக் கன்னமும்தான் இருந்தன.

பெற்றவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வந்தது அது இல்லை. படத்தில் மித்ராவின் தோளில் கை போட்டபடி என் தங்கை சுமதி நின்றிருந்தாள். அந்தக் கையைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

2

நானும் சுமதியும் ஆவடியில் வளர்ந்தவர்கள். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர் வீடு தருமபுரி, மாடி வீடு தஞ்சாவூர். எல்லா ஊர்த் தமிழும் கலந்து, எந்த ஊருக்கும் சேராத ஒரு தமிழ் எங்களுக்கு வாய்த்தது. நான் கல்யாணமாகிக் கனடாவுக்கு வந்தேன். இரண்டு வயது இளையவளான சுமதி, மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஏழுமலையைக் கட்டிக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்குப் போனாள். ஒரே வருஷத்தில் அவள் பேச்சு மாறிவிட்டது. 'இருக்கு' போய் 'கீது' வந்தது. நானோ கால்கரி நகரில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பவளாகிவிட்டேன். 'மழை' சொல்லு, 'மலை' இல்லை என்று கனடாவில் பிறந்த குழந்தைகளின் நாக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் முதல் நாக்கு மித்ராவுடையது.

மற்ற நாட்களில் எனக்கு ஒரு மருந்துக் கடையில் கவுன்டர் வேலை. எனக்குப் பின்னால் கூரை வரை களிம்புகள் அடுக்கியிருக்கும். உதட்டுக்கு, குதிகாலுக்கு, குழந்தையின் பிட்டத்துக்கு, பனியில் வெடித்த விரலுக்கு. அங்கிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுபோகாத டியூப் இல்லை. எதற்கும் புண் கேட்கவில்லை.

உங்களுக்கு இந்த ஊர் வைத்தியமுறை தெரிந்திருக்காது. நேரே போய்த் தோல் டாக்டரைப் பார்த்துவிட முடியாது. குடும்ப டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். எங்களுக்கு அப்போது குடும்ப டாக்டரே இல்லை. அதற்கே ஒரு வரிசை. அதனால் முன்பதிவு இல்லாமல் பார்க்கும் கிளினிக்குக்குப் போவோம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். ஐந்து நிமிஷம் பார்ப்பார். ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார். போட்டால் மூன்றாம் நாள் ஆறிவிடும். நிறுத்தினால் திரும்ப வரும். அடுத்த தடவை இன்னொரு டாக்டர், அதே களிம்பு. முன்பும் அதைத்தான் போட்டோம் என்று நான் சொன்னால், 'கேட்டதா? அப்படியென்றால் தொடருங்கள்' என்பார்கள். பிறகு குடும்ப டாக்டர் கிடைத்து, அவர் பரிந்துரைத்து, தோல் டாக்டர் அலுவலகத்திலிருந்து முறை வந்தபோது மித்ராவுக்குக் கல்லூரிப் பரீட்சை. தேதியை மாற்றிக் கேட்டோம். வரிசையின் கடைசிக்குப் போய்விட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். மித்ராவின் வாயைப் பார்ப்பார்கள், உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நாகரிகம். அவள் தோழிகள்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று பின்னால்தான் சொன்னாள்.

3

படிப்பு முடிந்ததும் மித்ரா சென்னைக்குப் போய் ஆறு மாதம் வேலைப் பயிற்சி எடுக்கப் போவதாகச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனம். சுமதி வீட்டிலிருந்து பக்கம். சுமதிக்கு ஒரே மகன். அவனும் ஓசூரில் வேலையாக இருந்தான். 'ஊட்ல ரூம் சும்மாதான் கீது, அனுப்பு' என்றாள். நான்தான் சந்தோஷமாக டிக்கெட் போட்டேன். தமிழ் பழகட்டும் என்று நினைத்தேன்.

தமிழ் பழகினாள். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் போனில் கேட்டேன், "சாப்பிட்டாயா கண்ணு?"

"துன்னுகினு கீறேம்மா" என்றாள்.

பின்னால் சுமதியின் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷச் சனிக்கிழமைகள். ஒவ்வொரு எழுத்தாக நான் நட்டு வைத்தது. என் தங்கை மூன்று வாரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை நட்டுவிட்டாள். அதைவிட, அந்தத் தமிழில் மித்ரா யோசிக்காமல் பேசினாள். என் தமிழில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் உதட்டை நக்கிக்கொள்வாள்.

அப்புறம் திடீரென்று வீடியோவில் வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்பாள். சுமதியிடம் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள். "மழைக்கா. கேபிள்ள ஏதோ ரிப்பேராம். கொரல் கேக்குதில்ல, அது போதும் வுடு." நான் நம்பினேன். ஒரு மாதத்துக்கு மேல் குரல் மட்டும்தான். அதன் பிறகுதான் அந்த லிப்ஸ்டிக் படம்.

அன்று மாலையே மித்ராவைக் கூப்பிட்டேன். அங்கே காலை.

"எப்படிடி ஆறிச்சு?"

"சித்தி தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்கம்மா. நான் வந்த மறு வாரமே."

"முன்பதிவு?"

"அதெல்லாம் இல்ல. சாயங்காலம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அவ்வளவுதான்."

அந்த டாக்டர், மித்ராவின் பையிலிருந்த, நான் கொடுத்தனுப்பிய ஸ்டீராய்டு டியூபை வாங்கிப் பார்த்தாராம். எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று கேட்டாராம். வருஷக் கணக்கு என்றதும், 'முகத்துக்கு இதை இவ்வளவு காலம் போட்டால் இதுவே புண்ணை வளர்க்கும். இன்றோடு நிறுத்து. நிறுத்தினதும் முன்னைவிட அதிகமாகும், பயப்படாதே, அப்புறம் அடங்கும்' என்றாராம். சில வாரத்துக்கு ஒரு மாத்திரை. பூசிக்கொள்ள வெறும் வாசலின். பற்பசையை மாற்றச் சொன்னார். உதட்டை நக்கக் கூடாது. காய்வதால் நக்குகிறாய், நக்குவதால் இன்னும் காய்கிறது என்றார்.

"அதிகமாச்சா?" என்றேன்.

"ரொம்ப. அதான் வீடியோல வரல."

"எனக்குச் சொல்லலியே."

"சொன்னா நீ பயப்படுவம்மா."

நான் பயப்படுவேனாம். அதனால் சித்தியிடம் காட்டினாளாம். பாஸ்கரிடம், அதாவது என் கணவரிடம், நான் இதைச் சொன்னபோது அவர், "சரியாயிடுச்சில்ல, அது போதாதா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். போதவில்லை. இரண்டு நாள் நான் எனக்குள்ளேயே வழக்காடினேன். அது சுமதி செய்தது இல்லை. ஊர்க் காற்றின் ஈரம். இங்கே குளிரும் ஹீட்டரும் சேர்ந்து தோலை உரித்தெடுக்கின்றன. சென்னையில் யாருக்கும் உதடு வெடிக்காது. அது டாக்டர் செய்தது. சுமதி ஆட்டோவில் கூட்டிப்போனாள், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொன்றாகச் சுமதியின் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கி முடித்தும் படத்தில் அந்தக் கை மித்ராவின் தோளிலேயே இருந்தது.

4

ஐப்பசியில் நான் ஊருக்குப் போனேன். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனத்திலேயே வேலை தருகிறார்கள், ஒரு வருஷம் இருக்கப் போகிறேன் என்று மித்ரா சொல்லியிருந்தாள். அவளை அழைத்து வரத்தான் போனேன். வெளியே சொன்னது, 'ரொம்ப நாளாச்சு, தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்பது.

கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். மித்ரா குடையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தைத் தூக்கி வாயோரத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்தது பொய்யில்லை.

"உள்ள வாக்கா, நனையாத" என்று சுமதி பெட்டியை வாங்கிக்கொண்டாள். தலையில் நரை கூடியிருந்தது. வாயும் கூடியிருந்தது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கறிக்குழம்பு. ஏழுமலை முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, நீ நல்ல நேரம் பார்த்து வந்த. ஆடி மாசம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? இந்தப் புள்ளைக்கு வாயி வெந்துபோன மாதிரி ஆயிடுச்சு. காரம் பட்டா துடிச்சிபோவும். உன் தங்கச்சி இன்னா பண்ணா தெரியுமா? ஊட்ல மொளகாவே போடல. புளி கெடையாது, தக்காளி கெடையாது. கஞ்சி, தயிர்சாதம், பருப்பு சாதம். புள்ளைக்குத் தனியா வச்சிட்டு எங்களுக்கு ஏதாவது பண்ணுடின்னா, 'அது பாத்துகினே உக்காந்திருக்கும், நீ மட்டும் மீன் கொழம்பு துன்னுவியா?'ன்றா. பட்டறைல பசங்க 'அண்ணாத்தே, உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டானுங்க, என் டிபன் பாக்ஸைப் பாத்துட்டு."

மித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். வாயை மூடாமல், கையை வைக்காமல்.

காற்று, ஈரம், டாக்டர் என்று நான் கட்டிய வழக்கு அந்தத் தட்டிலேயே தோற்றுப்போனது. நானும் மித்ராவுக்குத் தனியாகச் சமைத்திருக்கிறேன். எங்களுக்கு ரசம், அவளுக்குத் தயிர். அதே மேஜையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

5

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் கடைசியாக ஒரு தடவை காட்ட வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்றேன். மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். மாடியில் சின்ன கிளினிக்; படி வரைக்கும் கூட்டம். மித்ரா டோக்கன் வாங்கினாள். சுமதிக்கு அங்கே எல்லோரையும் தெரிந்திருந்தது. சொறிக்கு வந்த கிழவர் வரைக்கும் நலம் விசாரித்தாள்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண். மித்ராவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சுமதியைப் பார்த்து, "நல்லா ஆறிடுச்சும்மா. நீங்க விடாம பாத்துக்கிட்டீங்க. பொண்ணுக்கு அம்மா இப்படி இருந்தாத்தான் எங்களுக்கு வேலை சுலபம்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மித்ரா என்னைப் பார்த்தாள். சுமதி, "தேங்க்ஸ் டாக்டர்" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்று கேட்டார்.

"கனடாவிலேர்ந்து வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மித்ரா குளிக்கப் போனாள். ஏழுமலை வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"டாக்டர் சொன்னப்ப ஏன் சும்மா இருந்தே?"

"இன்னா சொன்னப்ப?"

"உன்னை அவளோட அம்மான்னு சொன்னப்ப."

சுமதி கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஆட்டோக்காரரும்தான் என்னை அம்மான்றாரு. அதுக்கு இன்னா இப்போ?"

"அது வேற, இது வேற. உனக்கே தெரியும்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "தெரியும். சொல்ல மனசு வரல."

"புண்ணு அதிகமானப்ப எனக்கு ஏன் சொல்லல? நெட்வொர்க் இல்லேன்னு பொய் சொன்னே. என் பொண்ணுடி அவ."

"அவதான் சொல்லாதன்னா. அப்புறம் நானும் வேணும்னேதான் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? அந்த டியூபைத் திரும்பப் போடுன்னிருப்ப. இல்லாங்காட்டி அங்கேர்ந்து ஒரு க்ரீம் அனுப்பியிருப்ப. எங்க ஊட்ல எல்லாமே நீ அனுப்பினதுதாங்க்கா. எம்புள்ள போட்ட ஷூ நீ அனுப்பினது. இவரு கட்டிகினு கீற வாட்ச் நீ அனுப்பினது. தெருவுல எவளைக் கேட்டாலும் 'ஒனக்கென்ன, ஒங்கக்கா கனடால கீது'ன்றா. நான் உனக்கு இன்னா பண்ணேன் சொல்லு? ஒண்ணும் பண்ணல. ஒண்ணே ஒண்ணு, உன்னால முடியாததை நான் பண்ணேன்னு இருக்கட்டும்னு நெனைச்சேன். தப்புன்னா தப்புதான்."

நான் இத்தனை வருஷமாகப் பெட்டி பெட்டியாக அனுப்பியதெல்லாம் அவளுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அது எனக்கு உறைத்தது. ஆனால் பொறாமை ஒரு நியாயத்தையும் காது கொடுத்துக் கேட்காது. "அதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா உனக்கு?" என்றேன்.

சுமதியின் முகம் மாறிவிட்டது. "அக்கா, அது சாப்பிட உக்காந்தா அழும். வாயைத் தொறக்க முடியாது. கஞ்சியைச் சின்னக் கரண்டில எடுத்து நான்தான் ஊட்டுவேன். ஊட்றப்ப என் கையைப் புடிச்சிகினு இருக்கும். சத்தியமா சொல்றேன், அப்ப நான் உன்னை நெனைக்கவேயில்ல. உன்கிட்ட ஜெயிக்கணும்னும் நெனைக்கல. அது ஆறுனா போதும்னு மட்டுந்தான் இருந்துச்சு. ஆற ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் இந்த ஆசையெல்லாம் வந்துச்சு."

நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நானும் திட்டியிருப்பேன், இரண்டு பேருக்கும் சரியாகப் போயிருக்கும்.

6

மறுநாள் மழை விட்டிருந்தது. மித்ரா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நானும் போய் ஒரு புடவையை எடுத்து உதறினேன்.

"நீ இங்கேயே இருக்கப்போறே இல்ல?"

"ஒரு வருஷம்தாம்மா."

"சித்திக்காகவா?"

"வேலைக்காக." அவள் கிளிப்பை மாட்டினாள். "சரி, கொஞ்சம் சித்திக்காகவும்."

"அங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்லம்மா." உதட்டை நக்கப் போனாள்; நிறுத்திக்கொண்டாள். "நான் காலேஜ்லேர்ந்து வீட்டுக்கு வந்தா நீ முதல்ல என் கண்ணைப் பார்க்க மாட்ட. வாயைப் பார்ப்ப. இன்னிக்கு எப்படி இருக்குன்னு. அப்புறம்தான் 'சாப்பிட்டியா'ன்னு கேட்ப. இப்பவும் வாசல்ல இறங்கினதும் அதைத்தான் பார்த்த."

நான் புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் இங்க வந்த முதல் நாள்," என்றாள், "ஷேர் ஆட்டோல சித்தி சத்தமா கேட்டாங்க, 'இன்னா கண்ணு, வாயில இன்னாது?'ன்னு. ஆட்டோவே திரும்பிப் பார்த்துச்சு. ஒருத்தங்க வெண்ணெய் தடவுன்னாங்க. ஒருத்தங்க தேங்காய் எண்ணெய்ன்னாங்க. ஒரு அம்மா பையிலேர்ந்து விபூதி எடுத்துப் பூசவே வந்துட்டாங்க. எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. அங்க அத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்கலம்மா. எல்லாரும் பார்க்காத மாதிரி பார்த்தாங்க."

"நான் கேட்டேனே."

"நீ கேட்கல. நீ கவலைப்பட்ட."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு முழுவதும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைப் பார்க்க முயன்றேன். என் பார்வை தானாகக் கீழே இறங்கியது. இழுத்து மேலே வைத்தேன். அது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவளை அழைத்து வரப் போனவள் தனியாகத் திரும்பினேன். சுமதி எனக்குக் கறிவேப்பிலைப் பொடியும் நாரத்தங்காயும் கட்டிக் கொடுத்தாள். "இந்த தபா நான் அனுப்பறேன்" என்றாள். வாங்கிக்கொண்டேன். எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை.

7

இங்கே குளிர் உச்சத்தில் இருந்த ஒரு மாலை. வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மித்ரா. வீடியோ. பின்னால் காலை நேரத்துத் தெரு.

எடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இடது ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது. சின்னதாக ஒரு வெடிப்பு.

"திரும்ப வந்திருக்கும்மா."

"எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. தெரியாமலே நக்கியிருப்பேன் போல."

"சித்தி என்ன சொன்னா?"

"சித்திக்கு இன்னும் தெரியாது. நேத்து சொந்தக்காரங்க வீட்டுக்குக் காட்டுப்பாக்கம் போயிட்டு லேட்டாத்தான் வந்தாங்க. உன்கிட்டதான் முதல்ல காட்டறேன்."

ஒரு தாய்க்கு இந்த இடத்தில் என்ன தோன்ற வேண்டுமோ அது எனக்குத் தோன்றவில்லை. பூட்ஸ் ஒரு காலிலும் காலுறை ஒரு காலிலுமாக நின்றுகொண்டு, என் மகளின் வாய் மறுபடி வெடித்ததற்காக நான் மகிழ்ந்தேன். ஒரு நொடிதான். ஆனால் அப்பட்டமான சந்தோஷம். அந்த லிப்ஸ்டிக் படத்தைப் பார்த்தபோது வந்திருக்க வேண்டியது, இடம் மாறி இப்போது வந்தது.

பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன். "வலிக்குதா?"

"கொஞ்சம்."

"களிம்பு எதுவும் போடாதே. வாசலின் மட்டும் பூசு. நாளைக்கும் குறையலேன்னா டாக்டர்கிட்ட போயிட்டு வா."

"ம்." அவளும் என் கண்ணைப் பார்த்தாள். "நீ பயப்படுவேன்னு நினைச்சேன்."

"பயம்தான். இருந்தாலும் காட்டு."

சிரித்தாள், வெடிப்பு இழுத்ததும் "ஸ்ஸ்" என்றாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

நான் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சுமதியைக் கூப்பிட்டேன். மித்ரா அவளிடம் சொல்லாமலே போயிருந்தால், சாயங்காலம் மீன் வறுத்துக் காத்திருப்பாளே என்றுதான் கூப்பிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சுமதி, மித்ராவுக்கு வாயோரம் திரும்பவும் லேசா வந்திருக்கு. பார்த்தியா?"

"இல்லியே!" என்றாள். "எப்போ? காலைல இட்லி துன்னுட்டுத்தானே போச்சு... முன்னாடியே நின்னுகினு இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உன்கிட்ட சொல்லிச்சா?"

"ஆமா. இப்பத்தான் வீடியோல காட்டினா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அதே வாக்கியத்தை ஆவணியில் நானும் மித்ராவிடம் சொல்லியிருக்கிறேன். நாலைந்து மாதமாக நான் கேட்க ஆசைப்பட்டது இதுதான், வந்து விழுந்துவிட்டது. அதை அப்படியே விட்டிருக்கலாம். பார், என்னிடம்தான் முதலில் வந்தாள் என்று ஒரு வாக்கியம் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உனக்குச் சொல்லத்தான் எனக்கு போன் பண்ணினா" என்றேன். "உன்கிட்ட நேரா சொன்னா நீ மறுபடி வீட்டுக்கே மிளகாயை நிறுத்திடுவேன்னு பயமாம். சித்தப்பா பாவமாம். நீயே பக்குவமா சொல்லும்மான்னா."

"அப்படியா சொல்லிச்சு?"

"அப்படித்தான் சொன்னா."

"லூசு" என்றாள் சுமதி. குரல் தெளிந்துவிட்டிருந்தது. "சித்தப்பா கெடக்குறாரு. சரி வைக்கா, அரிசி ஊறப் போடணும். சாயங்காலம் கஞ்சி வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். மித்ரா சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும்: உன்கிட்டதான் முதல்ல காட்டறேன். அதைச் சுமதிக்கு நான் சொல்லப்போவதில்லை. அது மட்டும் எனக்கே எனக்காக இருக்கட்டும். பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். அன்றும் அங்கே என் மகளுக்குக் கரண்டியில் கஞ்சி எடுத்து நீட்டிய கை என்னுடையது இல்லை. ஆனால் அந்தக் கஞ்சியை அடுப்பில் ஏற்ற வைத்தவள் நான். அன்றைய ஒரு சாயங்காலத்துக்கு அது போதுமாக இருந்தது.